நாற்பத்தைந்து நாள் கார்

சிங்கப்பூரில் ஒரு கார் பதிவாகும் நாளிலேயே அதன் ஆயுளும் எழுதப்பட்டுவிடுகிறது. 1990 மே மாதம் நடப்புக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 106,000 வெள்ளியைத் தொட்டது. காரின் விலை தனி. பத்தாண்டு முடிந்த பிறகும் அதே காரை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். சாலை வரி ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி, ஐம்பது விழுக்காட்டுக் கூடுதலில் போய் நிற்கும். ஆண்டுதோறும் சோதனை நிலையத்துக்கும் போய்வர வேண்டும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு பழைய காரை ஓட்டுகிறவரிடம் பணம் இருக்க வேண்டும், அல்லது பைத்தியம் இருக்க வேண்டும். இரண்டும் உள்ளவர்களை எனக்குத் தெரியும்.

சட்டத்தில் ஒரு சந்து உண்டு. கார் 35 வயதை எட்டியிருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் அதைச் சேர்க்கலாம். செலவு வெகுவாகக் குறையும். வெளிநாட்டில் கண்ட பழைய காரைக் கப்பலேற்றிக் கொண்டுவரவும் இந்த வயது உதவுகிறது. மற்றபடி மூன்று வயதைத் தாண்டிய காரைத் தீவுக்குள் இறக்கிப் பதிவுசெய்ய முடியாது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: ஆண்டுக்கு அதிகம் போனால் 45 நாள்தான் அது சாலையில் ஓடலாம்.

ஓடும் நாள்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு அக்கறை மீதமுள்ள 320 நாள்களில். கார் தேய்வது ஓடும்போது, சாவது நிற்கும்போது. அதிலும் சிங்கப்பூர் போன்ற ஊரில் நிற்பதென்றால், அது உலகின் மிக ஈரமான காற்றுகளில் ஒன்றுக்குள் நிற்பது.

முதல் கேள்வி, எங்கே நிறுத்துவது? தீவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். அங்குள்ள பொது வாகன நிறுத்தத்தில் இயந்திரத்தைக் கழற்றித் தரையில் பரப்பிவைக்க முடியாது. எனவே வீட்டிலேயே காரைப் புதுப்பிப்பவர் என்றால் அநேகமாகத் தரைவீட்டுக்காரர். முன்வாசலில் கூரை போட்ட ஒரு கார் அளவு இடம் அவருக்கு இருக்கும். சிக்லாப், காத்தோங் பக்கத்துப் பழைய தொடர்வீடுகளில் அப்படிப்பட்ட வாசல்கள் நிறைய. கடலும் கூப்பிடு தூரத்தில். அதன் விளைவைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

இரண்டாவது கேள்வி, எந்தக் கார்? இந்தத் தீவுக்குக் காருடன் நீண்ட பழக்கம். 1896இல் வந்திறங்கிய முதல் கார், பென்ஸ் வண்டி, எழுப்பிய சத்தத்தைக் கேட்டு ஊரார் அதற்குக் காப்பி இயந்திரம் என்று பெயர் வைத்தார்கள். புக்கிட் தீமாவில் 1941இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபோர்டு ஆலைதான் தென்கிழக்காசியாவின் முதல் கார் பூட்டும் தொழிற்சாலை. அதில் கார் பூட்டியதைவிட 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணாகதிக் கையெழுத்திட்டதைத்தான் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். போருக்குப் பிறகு மீண்டும் கார்களைப் பூட்டிய அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. இப்போது அது அருங்காட்சியகம்.

நான் எடுத்துக்கொள்ளும் கார் ஃபோர்டு அல்ல, மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்தது. பதினாறு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1950களிலும் 60களிலும் சிங்கப்பூரில் டாக்சியாகவும் ஓடியது. இலங்கையில் அது குடும்ப உறுப்பினர். இந்தியாவில் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் அதன் முதல் வடிவம் கொஞ்ச காலம் வந்தது; அதன் பெரிய அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அம்பாசடராகி 2014 வரை உற்பத்தியில் இருந்த கதை நமக்குத் தெரிந்ததே. வீட்டு வாசலில் வேலை பார்ப்பவருக்கு மைனரைப் போல இடம் கொடுக்கும் கார் குறைவு. பானட்டைத் திறந்தால் 948 சிசி இயந்திரத்தைச் சுற்றிக் கை நுழைய இடமிருக்கும். பெரும்பாலான வேலைகளைச் சாதாரணச் சாவிகளைக் கொண்டே முடித்துவிடலாம்.

ஆனால் அதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. பழைய லாரிகளைப் போல வலுவான சேஸியின் மேல் பாடியை உட்காரவைக்காமல், தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, அந்தப் பெட்டியே பாரத்தைத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் உள்கூடான பெட்டிக்கு உண்மையில் முதுகெலும்பின் வேலை. அந்தப் பெட்டி உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே சாயம் பளபளக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு மூட மறுத்தால், கார் நடுவில் மடங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

துருவின் கணக்கைப் பார்ப்போம். இரும்பு அணு தன் எலெக்ட்ரான்களில் இரண்டை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. விட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடாகின்றன. கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் நடுவழியில் சந்தித்து, மேலும் ஆக்சிஜனேறி, செம்பழுப்புத் துருவாகப் படிகின்றன. எலெக்ட்ரானைக் கொடுக்கும் இடம், வாங்கும் இடம், இரண்டையும் இணைக்கும் உலோகம், இரண்டையும் மூடிய ஈரம். நான்கும் சேர்ந்தால் அது ஒரு குட்டி மின்கலம். ஒரு கார் முழுவதும் அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான மின்கலங்கள் எந்த விளக்கையும் எரிக்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் இதை ஒரே ஒரு துளியில் காட்டினார். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஓர் உப்புநீர்த் துளி. ஓரங்களில் நீர் மெல்லியதாக இருப்பதால் ஆக்சிஜன் எளிதில் உள்ளே இறங்குகிறது. நடுவில் ஆழம் அதிகம், ஆக்சிஜன் குறைவு. நாம் எதிர்பார்ப்பது ஆக்சிஜன் அதிகமுள்ள ஓரம் அரிக்கும் என்று. நடந்தது தலைகீழ்: நடுப்பகுதி கரைந்து குழிவிழுந்தது, ஓரம் தப்பியது. ஆக்சிஜன் கிடைக்கும் ஓரம் எலெக்ட்ரானை வாங்கும் இடமாகிவிட, கிடைக்காத நடு கொடுக்கும் இடமானது.

காருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பு, ரப்பர் பட்டையின் அடி, சேறு அப்பிய மட்கார்டின் மூலை, கம்பளத்தின் கீழே தரை. இவையெல்லாம் ஈரம் புகுந்து ஆக்சிஜன் புக முடியாத இடங்கள். கண்ணுக்குத் தெரியும் திறந்த தகடு மெதுவாகத்தான் துருவேறும். ஒளிந்திருக்கும் மடிப்பு ஓட்டையாகும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாயத்தைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். துரு தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் கேட்கும் என்பதால், மடிப்புக்குள் உருவானதும் தகடுகளை நெம்பிப் பிரிக்கும். பிரிந்த இடத்தில் இன்னும் ஈரம் நுழையும்.

இனி ஊருக்கு வருவோம். பிரிட்டனில் வேர்னான் என்ற வேதியியலாளர் 1930களில் கண்டறிந்த செய்தி ஒன்று: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு மிக மெதுவாகத்தான் துருவேறுகிறது. அதைத் தாண்டியதும் வேகம் பாய்ந்து ஏறுகிறது. மழையே வேண்டாம். அந்த அளவுக்கு மேல் காற்றிலுள்ள நீராவியே உலோகத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத படலமாக, மின்கலத்தை முடித்துவைக்கப் போதுமான அளவுக்குப் படிந்துவிடுகிறது.

சிங்கப்பூரின் ஈரப்பதம் விடியலுக்குச் சற்று முன் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். அதாவது மற்ற ஊர்களில் துரு வேகமெடுக்கத் தொடங்கும் எல்லை, இந்த ஊரின் மிக உலர்ந்த நேரம். ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். மழையும் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நான் அதைப் பெரிதுபடுத்த மாட்டேன், மழைக்குக் கூரை போடலாம். காற்றுக்கு?

கடலும் சேர்ந்துகொள்கிறது. தீவின் எந்த மூலையும் கடலிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி இல்லை. அலை உடைந்து தெறிக்கும் உப்புத்துகளில் பெரும்பகுதி கரையை ஒட்டிய முதல் கிலோமீட்டருக்குள்ளேயே இறங்கிவிடும் என்பது ஓர் ஆறுதல், காத்தோங் தொடர்வீட்டுக்காரருக்கு மட்டும் அது ஆறுதல் இல்லை. சமையலுப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். அதன் ஒரு துகள் தகட்டில் ஒட்டியிருந்தால், சிங்கப்பூரின் எந்த நேரத்திலும் அந்தப் புள்ளி ஈரம்தான். குளோரைடு அயனி, இரும்பைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு உறையையும் குடைகிறது. கடலோரக் கார்களை நல்ல தண்ணீரால் அடிக்கடி அடிப்பக்கம் உள்பட கழுவச் சொல்வது அழகுக்காக இல்லை.

கூரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது செய்யும் இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. சிங்கப்பூர்க் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி துளியாக மாறும் வெப்பநிலை, 24 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. இரவில் காற்றே 25, 26 டிகிரிக்கு இறங்குகிறது. திறந்த வெளியில் நிற்கும் காரின் மேற்புறம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிரும். அது போதும், பனி இறங்கிவிடும். மேகமில்லாத இரவில் மழையின்றியே கார் நனைவது இப்படித்தான். தலைக்கு மேல் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் தகடோ பாலிகார்பனேட் தகடோ இருந்தால், கார் வானத்துக்குப் பதில் அந்தத் தகட்டைப் பார்க்கிறது. தகடும் திருப்பிக் கதிர்வீசுகிறது. கார் குளிர்வதில்லை, நனைவதில்லை. பிளாஸ்டிக் உறையை இறுகப் போர்த்துகிறவர்களோ தரையிலிருந்து எழும் ஈரத்தைக் காரோடு சேர்த்துக் கட்டிவைக்கிறார்கள். துணி உறை தேவலை. வெறும் கூரையும் நாற்புறம் காற்றோட்டமும் அதைவிட மேல்.

அரித்தது அரித்துவிட்டது என்றால் என்ன செய்வது? ஓட்டை விழுந்த தகட்டுக்கு மருந்து இல்லை. வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். கதவுகளைப் பொருத்தியபடியே, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒருசேர வெட்டினால் பெட்டி கோணிக்கொள்ளும். இதை வீட்டு வாசலில் செய்யாமல் காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்து வொர்க்‌ஷாப்பில் டிங்கர் வேலை தெரிந்தவரிடம் விடுவதுதான் என் கட்சி. தொடர்வீட்டில் பொறி பறந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் பங்காளி. புதுத் தகட்டின் பயணம் சுவையானது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனருக்கென்றே பணிமனை நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் அதன் உதிரிப் பாகங்களை இலங்கையில் தயாரிக்க ஏற்பாடு செய்தார். கார் உற்பத்தி இங்கிலாந்தில் நின்று இருபது ஆண்டுக்குப் பிறகு, அதன் உறுப்புகளை நம் பக்கத்துத் தீவின் கைகள் அடித்து அனுப்பின.

ஓட்டை விழாத துருவுக்கு வேதியியல் உண்டு. சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பாகத்தை அதில் அமிழ்த்தி, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதற்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் கொடுத்தால், துருவின் ஒரு பகுதி கருப்பு ஆக்சைடாகத் திரும்பும்; மீதி, உலோகத்தின் மேல் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழ்களால் இளகி விழும். நல்ல இரும்பு கரையாது. அமிலத்தைவிட இந்த முறை மேலானது இதனால்தான். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் திறந்த வெளி வேண்டும். சோடாவுக்குப் பதில் சமையலுப்பு போட்டால் குளோரின் வரும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைத் தொங்கவிட்டால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். இரண்டும் கூடாது. ஸ்பிரிங் போன்ற கடின எஃகை அமிலத்திலோ மின்தொட்டியிலோ போடவே வேண்டாம். ஹைட்ரஜன் அணுக்கள் அதற்குள் புகுந்து நொறுங்கும் தன்மையைக் கொடுத்துவிடும். சாலையில் ஓடும்போது அது தெரியவருவது நல்லதல்ல.

துரு மாற்றி என்று டப்பாவில் விற்கும் திரவங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டேனிக் அமிலம். அது துருவைப் பிடித்து நீலக்கருப்பான இரும்பு டேனேட்டாக மாற்றும். இந்த வேதிவினை நமக்குப் பழையது: கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைக் கலந்து எழுத மை காய்ச்சிய தாத்தாக்கள் இதைத்தான் செய்தார்கள். தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் கிடைக்கும், ஆசையிருந்தால் ஒரு பழைய போல்ட்டில் செய்து பார்க்கலாம், கருக்கும். ஆனால் டப்பாவில் இருப்பதில் அமிலத்தோடு ஒரு பிசினும் கலந்திருக்கிறது, அதுதான் காற்றை அடைக்கிறது. கஷாயம் நிறத்தை மாற்றும், காரைக் காக்காது.

மற்ற வகை பாஸ்பாரிக் அமிலம். இரும்பின் மேல் கரையாத பாஸ்பேட் உறையை விரிக்கும். இதன் அருமை தெரிய டெல்லிக்குப் போக வேண்டும். குதுப் வளாகத்தில் நிற்கும் குப்தர் கால இரும்புத் தூண், ஏழு மீட்டர் உயரம், ஆறு டன் எடை, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. கான்பூர் ஐஐடியின் உலோகவியலாளர் ஆர். பாலசுப்ரமணியம் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார். இன்றைய எஃகில் பாஸ்பரஸைக் கழிவென்று நீக்கிவிடுகிறோம். அன்றைய உலையில் சுண்ணாம்பு சேர்க்காததால் அது இரும்பிலேயே தங்கியது, கால் விழுக்காடு அளவுக்கு. பல ஆண்டு நனைந்து காய்ந்ததில் அந்தப் பாஸ்பரஸ் உலோகத்துக்கும் துருவுக்கும் நடுவே மெல்லிய காப்புறையாகத் திரண்டது என்பது அவர் விளக்கம். நனைவதோடு காய்வதும் வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். டெல்லிக் காற்று ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்தது. அதே தூணைக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நட்டிருந்தால் இவ்வளவு பெயர் வாங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இங்கே ஒரு கட்டுக்கதையைத் தட்டிவிட வேண்டும். மைனர்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. அதை மாற்றினால் துரு குறையும் என்பார்கள், மாற்றாவிட்டால் குறையும் என்பாரும் உண்டு. சிறு மின்கருவியைப் பொருத்தினால் துருவே வராது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். மின்சாரத்தால் உலோகத்தைக் காப்பது உண்மையான கலைதான். ஹம்ஃப்ரி டேவி 1824இல் கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தை இணைத்துக் காட்டியது அதுவே. கடலடிக் குழாய்கள் இன்றும் அப்படித்தான் காக்கப்படுகின்றன. ஆனால் அங்கே உலோகம் முழுவதும் கடலில் மூழ்கியிருக்கிறது, சுற்று முழுமையடைகிறது. வாசலில் நிற்கும் காரைச் சுற்றிக் கடல் இல்லை. தனித்தனி ஈரப்புள்ளிகளுக்கு அந்த மின்சாரம் போய்ச் சேர வழியில்லை. காரில் வேலை செய்யும் துத்தநாகம், தகட்டோடு நேரடியாக ஒட்டியிருக்கும் துத்தநாகம்: முலாமாகவோ, துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமராகவோ.

சாயம் அடிப்பதிலும் அதே 24 டிகிரி வந்து நிற்கிறது. பழைய செல்லுலோஸ் சாயத்தில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்று 28 டிகிரி, பனிநிலை 24 என்றால் கையிருப்பு நான்கே டிகிரி. வேகமாக உலரும் தின்னர் அதைச் சுலபமாகத் தின்றுவிடும். ஈரச் சாயத்தின் மேல் பனி படிந்து, கருப்பு பால்வெள்ளையாக வெளிறும். இங்கிலாந்துக் கையேட்டைப் பார்த்துச் சிங்கப்பூரில் அடிக்கிறவர்களுக்கு இது முதல் பாடம். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பது, மழை விட்ட மாலையைத் தவிர்த்து நண்பகலில் அடிப்பது, தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட மூன்று டிகிரியாவது கூடுதலா என்று அளப்பது ஆகியவை வழி. தேய்த்து வெறுமையாக்கிய தகட்டை அன்றே பிரைமருக்குள் மூட வேண்டும். மறுநாள் காலையில் அது செம்மஞ்சள் பூத்திருக்கும். பட்டி பார்ப்பவர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. பட்டியில் கலந்திருக்கும் டால்க் தூள் ஈரத்தை உறிஞ்சும். அதைச் சாயம் மூடாமல் வாரக்கணக்கில் விட்டால் பிறகு சாயத்தின் அடியிலிருந்து கொப்புளமாக எழும். இன்றைய இரு கலவைச் சாயங்களில் ஐசோசயனேட் இருக்கிறது, ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுளுக்கும் ஆஸ்துமா. தனிக் காற்றுக் குழாயுள்ள முகமூடியின்றி அதைத் தொடக்கூடாது. வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே சரி.

தகட்டைத் தாண்டியும் ஈரம் வேலை பார்க்கும். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அதில் எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம், காற்றின் நீரை உறிஞ்சுவது அதன் இயல்பு. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. 3.7 விழுக்காடு நீர் கலந்ததும் 140 வரை இறங்கிவிட இடமுண்டு. நின்ற காரில் அந்த நீர் சக்கரச் சிலிண்டருக்குள் துருவாகிறது. ஓடும் காரில் சூட்டில் ஆவியாகி மிதியைத் தரையோடு இறக்கிவிடுகிறது.

பெட்ரோலுக்கு வேறு கதை. சிங்கப்பூர் 1998 ஜூலை 1 அன்று ஈயம் கலந்த பெட்ரோலை முற்றிலும் நிறுத்தியது. குழந்தைகளின் இரத்தத்துக்கு நல்லது. மைனரின் வார்ப்பிரும்புச் சிலிண்டர் தலைக்குச் சிக்கல். ஈயத்தின் ஆக்சைடு, சூடான எக்ஸாஸ்ட் வால்வும் அதன் இருக்கையும் நுண்புள்ளிகளில் ஒட்டிப் பிய்வதைத் தடுத்துவந்தது. அது போனதும் இருக்கை கொஞ்சங்கொஞ்சமாக உள்வாங்கும். கடினமான வளையத்தை இருக்கையாகப் பதித்துவிட்டால் தீர்ந்தது. அரிதாக ஓட்டுகிறவருக்கு இது அவசரமும் இல்லை. நெடுந்தூர வேகத்தில்தான் தேய்வு அதிகம்.

பழைய காரில் புதுமை சேர்ப்பதற்கு நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்று வரிசை வைத்திருக்கிறது: அனுமதி வேண்டாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை. பாயின்டைக் கழற்றிவிட்டு ஹால் உணரியைக் கொண்ட மின்னணு இக்னிஷனைப் பொருத்துவது எனக்குப் பிடித்த மாற்றம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒளிந்துகொள்ளும், ஈரக் காலையில் உடனே கிளம்பும். எல்லாரும் கேட்பது ஏர்கான். 37 குதிரைச் சக்தி இயந்திரத்திடம் கம்ப்ரசருக்கென்று சில கிலோவாட்டைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் பொருத்துகிறார்கள். என் கவலை வேறு. ஐந்தாறு டிகிரிக்குக் குளிரும் குழாய்ச்சுருள், 24 டிகிரி பனிநிலைக் காற்றிலிருந்து நீரை ஓயாமல் இறக்கும். வடிகுழாய் ஓர் இலையால் அடைபட்டால் அந்த நீர் நேரே கம்பளத்தின் அடிக்கு. ஒரு துளியை வைத்து எவன்ஸ் காட்டியதை இங்கே வாளிக் கணக்கில் பார்க்கலாம்.

வசதி உள்ளவர்கள் காரைக் காற்றடைத்த கூடாரத்துக்குள் வைத்து ஈரநீக்கியை ஓடவிடுகிறார்கள். கணக்கு எளிது. 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். 84 விழுக்காட்டில் 23 கிராம், 50 விழுக்காட்டில் 14 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 15 கன மீட்டர் கூடாரம் என்றால் எடுக்க வேண்டியது 140 கிராம். ஒரு தேநீர்க் குவளை. கூடாரம் ஒழுகுவதால்தான் கருவி ஓடிக்கொண்டே இருக்கிறது. 40 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க ஆசைப்பட வேண்டாம், தோல் இருக்கையும், மைனர் டிராவலராக இருந்தால் அதன் மரச்சட்டமும் வெடிக்கும். அந்த மரம் அலங்காரம் இல்லை, பின்பாதி அதன்மேல்தான் நிற்கிறது.

கூடாரமில்லாதவருக்கு இருப்பது அந்த 45 நாள். பரப்பிப் பார்த்தால் எட்டு நாளுக்கு ஒருமுறை. பேட்டரி தளராமலிருக்க, பிரேக் சிலிண்டர்கள் இறுகாமலிருக்க, கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகாமலிருக்க இந்த இடைவெளி போதும். எப்படி ஓட்டுவது என்பதில்தான் விஷயம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும். பெட்ரோலின் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. இயந்திரம் சூடேறும் முன் நிறுத்தினால் அந்த நீரில் ஒரு பங்கு சைலன்சருக்குள்ளும் இயந்திர எண்ணெயிலும் தங்கிவிடும். காரைக் கிளப்பி ஐந்து நிமிடம் வாசலில் உறுமவிட்டு அணைக்கிறவர்கள் நல்லெண்ணத்தோடு அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எண்ணெய் நன்றாகச் சூடேறி நீரை விரட்ட அரை மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம் வேண்டும். தீவு சிறியது என்றாலும் அதற்கு இடமுண்டு: சாங்கியிலிருந்து துவாஸ் பக்கம் போகும் தீவு விரைவுச்சாலை 42.8 கிலோமீட்டர். மைனர் அதைக் கடக்க மூன்று லிட்டர் பெட்ரோல் குடிக்கும், மூன்று லிட்டர் நீரை ஆவியாகப் பின்னால் விட்டுவிடும். சிக்லாப்பிலிருந்து தேக்கா சந்தைக்குப் போய்க் கீரை வாங்கித் திரும்புவதற்கு ஒரு நாளைச் செலவழித்தால், சட்டக் கணக்கில் ஒரு நாள் குறையும், சைலன்சரில் ஒரு டம்ளர் நீர் கூடும். கீரைக்குப் பேருந்தில் போகலாம்.